தடம் மங்கிய காட்டுப்பாதையில் நாயுடன் ஒரு நாள் நடை: ஒரு கால்நடை மருத்துவரின் எச்சரிக்கைகள்

காட்டு நடைக்குப் பின் சோர்ந்து விழுந்த நிலையில் சிகிச்சைக்கு வரும் நாய்களின் உரிமையாளர்களிடம் நடந்ததைக் கேட்டால், பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் சொல்கிறார்கள்: திட்டமிட்ட தூரம் நாயால் தாங்கக்கூடியதாகவே இருந்தது, நடுவில் பாதை தவறியது, அதைத் தேடி அலைந்த நேரத்தில் வெயில் ஏறி, தண்ணீர் தீர்ந்து, நாய் படுத்துவிட்டது. ஆகவே, தடம் தெளிவில்லாத பாதைக்கு ஒரு நாயை அழைத்துச் செல்லலாமா என்பதைப் பாதையின் நீளத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. வழி தவறினால் எவ்வளவு நேரம் கூடும் என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

வழி தவறுவதில் நாய்க்கும் பங்கு உண்டு. மரத்தில் பூசிய வண்ணக் குறியையும் அடுக்கி வைத்த கற்களையும் பார்த்து நாம் நடக்கிறோம். நாய் மோப்பத்தைப் பின்பற்றி நடக்கிறது. சருகு மூடிய இடங்களில் மானும் பன்றியும் நடந்து உண்டாக்கிய தடம் மனிதர்களின் பாதையைவிடத் தெளிவாகத் தெரிவதுண்டு. முன்னால் செல்லும் நாய் தயக்கமின்றி அதில் திரும்பும்போது, அதற்கு வழி தெரியும் என்று எண்ணி உரிமையாளரும் பின்தொடர்ந்துவிடுகிறார். வந்த மோப்பத்தைப் பிடித்துத் திரும்பிவிடும் நாய்கள் உண்டு என்றாலும், அந்தத் திறமையை நம்பிக் காட்டுக்குள் இறங்குவது பாதுகாப்பானதல்ல. நாயை அவிழ்த்துவிடாமல் பிடித்து நடக்க, ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள உறுதியான கயிறு போதும். தானாக நீண்டு சுருங்கும் கயிறு புதர்களில் சிக்கிக்கொள்ளும். இரண்டு நாய்கள் இருந்தால் ஒன்று எதையோ துரத்த ஓடும்போது மற்றொன்றும் உடன் ஓடும் என்பதால், ஒரு நாய்க்கு ஒருவர் வீதம் செல்வது நல்லது.

நான் மிகவும் அஞ்சுவது வெப்பத்தாக்கு. நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நம்மைப் போல உடல் முழுவதும் வியர்த்துக் குளிர அதனால் முடியாது. பெரும்பாலும் மூச்சிரைப்பதன் மூலமே வெப்பத்தை வெளியேற்றுகிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்த அடர்காட்டில், நிழல் இருந்தும்கூட, அந்த வழி சரியாகப் பயன்படுவதில்லை. பக், புல்டாக் போன்ற தட்டை முக நாய்களை இத்தகைய நடைக்கு அழைத்துச் செல்லவே வேண்டாம். மற்ற நாய்களும் உரிமையாளரை விட்டுப் பிரிய விரும்பாமல் தம் எல்லையைத் தாண்டியும் நடக்கும். பின்தங்குவது, நிழல் கண்ட இடத்தில் படுப்பது, நாக்கு அகன்று தொங்குவது, எச்சில் கெட்டியாவது, ஈறு கடும் சிவப்பாவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே நடையை நிறுத்துங்கள். கால்கள் தள்ளாடத் தொடங்கிவிட்டால் அது அவசரநிலை.

அப்போது நாயை வண்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, அங்கேயே குளிர்விக்கத் தொடங்குவதே முதல் சிகிச்சை. இருக்கும் தண்ணீரை உடல் முழுவதும் ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். ஈரத்துணியைப் போர்த்தி அப்படியே விட்டால் வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். எழுந்து வாலாட்டினாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். 41 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தால் நேரும் சிறுநீரகப் பாதிப்பும் இரத்தம் உறையாமையும் அடுத்த ஓரிரு நாட்களில் வெளிப்படக்கூடும்.

பாதை தெரியவில்லை என்று உணர்ந்ததும் முன்னே சென்று தேட வேண்டாம். நாயை நிழலில் அமர்த்தித் தண்ணீர் கொடுத்து, அது மூச்சு ஆறிய பின், கடைசியாகக் கண்ட குறிவரை வந்த வழியே திரும்புங்கள். கைபேசியில் இணையமின்றி இயங்கும் வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்திருப்பது இங்கே கைகொடுக்கும். 30 கிலோ எடையுள்ள நாயைச் சரிவில் ஒருவர் தனியாக நெடுந்தூரம் சுமக்க முடியாது. அது தன் காலால் நடக்கும் நிலையில் இருக்கும்போதே திரும்புவதுதான் சரி. குடிநீரை நாய்க்கெனத் தனியாக, எதிர்பார்க்கும் தேவையின் இரு மடங்காக எடுத்துச் செல்லுங்கள். தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். அது மனிதரையும் தாக்கும்.

மலையேறுவோர் கொறிக்கும் திராட்சைவற்றலும் சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு. நொண்டுகிறதே என்று இரக்கப்பட்டு நம்முடைய பாராசிட்டமாலையோ இபுபுரூஃபனையோ கொடுத்துவிடாதீர்கள். பாம்பு கடித்தால் இறுகக் கட்டவோ கீறவோ கூடாது. நாயை நடக்கவிடாமல் தூக்கிச் சென்று, விரைவாக மருத்துவமனை சேருங்கள்.

மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் சிறு அடையாளச் சில்லு) பொருத்திய நாய் தொலைந்தால் அது இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு; சிப்பைப் படிக்கும் கருவியை நாயின் அருகில் வைத்துப் படித்தால் மட்டுமே சிப்பில் உள்ள எண் தெரியும். எனவே கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் பொறித்த வில்லையும் இருக்கட்டும். நாய் ஓடிவிட்டால், கடைசியாகக் கண்ட இடத்தில் உங்கள் வியர்வை பட்ட உடையையும் தண்ணீரையும் வையுங்கள். அங்கேயே திரும்பி வரும் நாய்கள் உண்டு.

வீடு திரும்பிய அன்றே காது மடல், அக்குள், விரலிடுக்கு ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். உண்ணி இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெயும் நெருப்பும் வேண்டாம். உண்ணியால் பரவும் எர்லிக்கியா, பேபீசியா நோய்கள் சில வாரங்கள் கழித்தும் தலைகாட்டக்கூடும் என்பதால், அதன் பின் காய்ச்சல், பசியின்மை, ஈறு வெளுத்தல் என எது தெரிந்தாலும், காட்டுக்குச் சென்று வந்த நாளையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.