வெள்ளைக் குட்டியின் காது கறுத்தால் பயப்பட வேண்டுமா?

சயாமீஸ், ஹிமாலயன், ராக்டால், பிர்மன் இனப் பூனைக்குட்டிகள் பிறக்கும்போது வெள்ளையாகவோ வெளிர் சந்தன நிறத்திலோதான் இருக்கும். கறுத்த முகம், காது, கால், வால் எல்லாம் பிறகு வருபவை. இது தெரியாமல், "வாங்கும்போது வெள்ளை வெளேர்னு இருந்துச்சு டாக்டர், இப்போ காதெல்லாம் அழுக்குப் பிடிச்சிருக்கு" என்று குட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. சிலர் அதற்குள் ஈரத்துணியால் தேய்த்துத் தேய்த்துக் காதோரத்தைப் புண்ணாக்கியிருப்பார்கள்.

அது அழுக்கு இல்லை. முடிக்கு நிறம் தரும் மெலனின் உருவாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். இந்தப் பூனைகளில் அதற்கான மரபணு சற்று மாறியிருப்பதால், உடல் சூட்டில் அந்த நொதி சரியாக வேலை செய்யாது. சூடு குறைந்த இடத்தில்தான் செய்யும். தாயின் வயிற்றுக்குள் தலை முதல் வால் வரை ஒரே சூடு, அதனால் எங்குமே நிறமில்லை. வெளியே வந்ததும் காது நுனி, மூக்கு, பாதம், வால் ஆகியவை முதலில் குளிர்கின்றன. நிறமும் அங்கேதான் முதலில் ஏறுகிறது. ஆண் குட்டியின் விரைப்பையும் இதே காரணத்தால் கறுக்கும், அதுவும் நோயல்ல. சோவியத் ஆய்வாளர்களான என்.ஏ. இலியின், வி.என். இலியின் இருவரும் 1930-லேயே சயாமீஸ் பூனைகளின் முடியை மழித்து, குளிரில் முளைக்கும் முடி கறுத்து வருவதைக் காட்டிவிட்டார்கள்.

முதல் ஓரிரு வாரங்களில் காது விளிம்பில் பென்சிலால் கோடு இழுத்தது போல ஒரு சாயல் தெரியும். சீல் எனப்படும் கரும்பழுப்பு சீக்கிரம் வந்துவிடும். லைலாக், சிவப்பு, கிரீம் போன்ற வெளிர் நிறங்களுக்கு வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். "என்ன கலர் டாக்டர்?" என்று கேட்டால் நான் முடியைப் பார்ப்பதில்லை, பாதத்தைத் திருப்பித்தான் பார்ப்பேன். சீல் குட்டியின் பாத மெத்தை கரும்பழுப்பு, நீலம் எனப்படும் நீலச்சாம்பல் நிறத்துக்குச் சாம்பல், சாக்லேட்டுக்கு இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு. அப்படியும் சின்ன வயதில் சீலும் நீலமும் ஆளை ஏமாற்றும். மூன்று வாரக் குட்டிக்கு நிறம் சொல்லி விற்பவரை நான் அவ்வளவாக நம்புவதில்லை. முகத்தில் வரிகள் வருமா என்பதும் ஏறத்தாழ ஒரு மாதத்தில்தான் துலங்கும். மூக்கில் பட்டையோ காலில் உறையோ போல இருக்கும் வெள்ளைத் திட்டுகள் வேறு கதை. அங்கே நிறமிச் செல்லே கிடையாது, எந்தக் குளிரிலும் கறுக்காது.

நிறம் முழுமை அடைய ஒரு வருடம் ஆகலாம், ராக்டாலுக்கு இரண்டு மூன்று வருடங்கள்கூட ஆகும். கண் மட்டும் கடைசிவரை நீலம்தான்.

இனி, உண்மையிலேயே கவனிக்க வேண்டியது. பூனைக்குட்டிக்குப் படர்தாமரை வந்தால் அதுவும் பெரும்பாலும் காது, முகம், பாதத்தில்தான் தொடங்கும். நிறம் ஏறும் அதே இடங்கள்! நிறமாக இருந்தால் இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒன்றுபோல வரும், முடி அடர்த்தியாகவே இருக்கும். படர்தாமரையில் முடி ஒடிந்து உதிரும், செதில் தெரியும், பெரும்பாலும் ஒரு பக்கமாகத் தொடங்கும். அரிப்பு இல்லை என்பதால் மட்டும் விட்டுவிடாதீர்கள், பல பூனைகளுக்கு அரிக்கவே அரிக்காது. வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றும் என்பதால் சந்தேகம் வந்த உடனே காட்டிவிடுங்கள். காதுக்குள் காப்பித்தூள் மாதிரி உதிர்ந்து பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்தால் அது பெரும்பாலும் காதுப்பூச்சி. நிறம் பஞ்சில் வராது.

குளிரில் கறுக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, முகம் சீக்கிரம் கறுக்கட்டும் என்று குட்டியை ஏசி அறையில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். முதல் சில வாரங்களில் குட்டியால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. முதல் வாரத்தில் படுக்கை ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ் கதகதப்பில் இருக்க வேண்டும். உடல் சில்லிட்டுப்போனால் பால் குடிப்பதை நிறுத்திவிடும், குடித்த பாலும் செரிக்காது. அந்த நிலையில் குட்டியைக் காப்பாற்றுவது கடினம்.

வளர்ந்த பூனைக்குக் கண்ணைச் சுற்றி முடி திடீரென்று வெளிறினால் அதையும் சொல்லுங்கள். சினையாக இருக்கலாம், சத்துக்குறைவாக இருக்கலாம், வேறு ஏதாவது நோயாகவும் இருக்கலாம். காரணம் சரியானால் அடுத்தடுத்து முடி உதிர்ந்து முளைக்கும்போது பழைய நிறம் திரும்பும்.

கருத்தடை ஆபரேஷனுக்காக மழித்த இடத்திலும் இப்படித்தான், ஆனால் தலைகீழாக. மேல்முடி இல்லாமல் தோல் குளிர்வதால் அங்கே கறுப்பு முடி முளைத்து, ஒரு சதுரத் திட்டாகத் தெரியும். அடுத்த முடி உதிர்வில் பெரும்பாலும் மறைந்துவிடும். இதை மழிப்பதற்கு முன்பே சொல்லிவிடுவது என் வழக்கம். சொல்லாமல் விட்டால், தையல் பிரிக்க வந்து சில வாரம் கழித்து, "ஆபரேஷன்ல எங்கேயாவது சூடு பட்டுடுச்சா டாக்டர்?" என்று கேட்பார்கள்.