கிண்ணத்தின் அடியில் ஒரு எச்

அமெரிக்காவில், ஒஹையோவில் இருக்கும் வாசகி ஒருவர் படம் அனுப்பியிருந்தார். பழைய சாமான் சந்தையில் வாங்கிய கனமான கண்ணாடிக் கிண்ணம். அடியில் சின்னதாக ஒரு டைமண்ட் கட்டம், அதற்குள் எச் என்ற ஆங்கில எழுத்து. "இது ஹைஸி கம்பெனிதானே? இல்லை, முத்திரையை யாராவது பின்னால் போட்டிருப்பார்களா?" என்று கேட்டிருக்கிறார்.

முத்திரை ஹைஸியுடையதுதான். அதே ஒஹையோவில் நியூவார்க் நகரில் 1896 முதல் 1957 வரை ஓடிய கண்ணாடி ஆலை அது. இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. அதற்குப் பதில் இயற்பியலில் இருக்கிறது.

அழுத்திச் செய்யும் கண்ணாடியின் கதை எளிது. மணல், சோடா, சுண்ணாம்பு மூன்றையும் உருக்கி, அதில் ஒரு கட்டியை இரும்பு அச்சில் விட்டு, மேலிருந்து அழுத்துவார்கள். முத்திரையை அச்சில் பள்ளமாகச் செதுக்கியிருப்பார்கள். பாத்திரத்தில் அது புடைப்பாக வரும்.

அந்தப் பள்ளத்துக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் அருமை. தண்ணீருக்கு இருப்பதுபோலக் கண்ணாடிக்கு ஒரே ஒரு உறைநிலை கிடையாது. கடலை மிட்டாய்க்குக் காய்ச்சிய பாகு ஆற ஆற இறுகுவதைப் போல அது இறுகிக்கொண்டே போகும். சாதாரண சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி 1000 டிகிரி செல்சியஸ் வாக்கில் அழுத்தத்துக்கு வளைந்து கொடுக்கும். 720 டிகிரிக்கு இறங்குவதற்குள் அதன் பாகுநிலை, அதாவது ஓட மறுக்கும் தன்மை, சுமார் 4000 மடங்கு கூடிவிடும். அச்சின் சூடு அதைவிடக் குறைவு. ஆகவே இரும்பைத் தொட்டதுமே கண்ணாடியின் மேல்தோல் இறுகத் தொடங்கிவிடும். எழுத்தின் மூலைமுடுக்கு வரை அது முழுசாகப் போய்ச் சேருவதில்லை.

அப்புறம் அச்சைத் திறக்கிறார்கள். சூட்டை உறிஞ்சிக்கொண்டிருந்த இரும்பு விலகிவிட்டது. ஆனால் கண்ணாடியின் உட்புறம் இன்னும் தகதகவென்று இருக்கிறது. அந்தச் சூடு வெளியே பரவி, இறுகிய தோலை மறுபடி இளக்குகிறது. இளகிய தோலைப் பரப்பு இழுவிசை, அதாவது திரவத்தின் மேற்பரப்பைச் சுருக்கப் பார்க்கும் விசை, பற்றிக்கொள்கிறது. உருகிய கண்ணாடியில் அது தண்ணீரைப் போல 4 மடங்கு. வளைவு கூர்மையாக இருக்கும் இடத்தில்தான் அதன் பிடி அதிகம் என்பதால், முதலில் மழுங்குவது எழுத்தின் விளிம்புகள். பளபளப்புக்காகப் பாத்திரத்தை இன்னொரு முறை தீயில் காட்டினால் இன்னும் மழுங்கும். பாதி கரைந்த சோப்பில் இருக்கும் பெயரைப் போல, அசல் அச்சு முத்திரையின் ஓரங்கள் உருண்டு, வழுவழுவென்று இருக்கும்.

ஆறிப்போன கண்ணாடி அப்படி இளகாது, சில்லுசில்லாகப் பெயர்ந்துவிடும். வைர முனையால் கீறினால் கோட்டின் இருபுறமும் சிப்பி வடிவில் நுண்ணிய சில்லுகள் தெறித்திருக்கும். மணலைப் பீய்ச்சிப் போட்ட முத்திரை வெளுத்து, சொரசொரவென்று தெரியும். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும்.

கீறி எழுதும் கையெழுத்துகளுக்கு வேறு சோதனை. பிரான்சின் கண்ணாடிக் கலைஞர் ரெனே லாலிக் 1945-இல் இறந்தார். அதன்பின் வந்த பொருள்களில் பெயருக்கு முன்னால் 'ஆர்' கிடையாது. 'ஆர்' இருந்தால் விலை கூடும் என்று அதைச் சேர்த்துவிடுகிற மோசடி உண்டு. மேசையில் பல ஆண்டுகள் இழுபட்ட கீறல்கள் அடிப்பக்கத்தில் கண்டபடி ஓடும். அசல் எழுத்தை அந்தக் கீறல்கள் குறுக்கே வெட்டிப் போகும். பின்னால் சேர்த்த எழுத்து, கீறல்களை வெட்டிக்கொண்டு போகும்.

வாசகியின் இரண்டாவது படத்தில் எச்-இன் கால்கள் உருண்டு, சில்லு எதுவும் இல்லாமல் இருந்தன. யாரும் பின்னால் போட்டதில்லை, அச்சிலிருந்தே வந்தது. ஆனால் ஹைஸி மூடியதும் 1958-இல் அதன் அச்சுகளை பெல்லேர் நகரின் இம்பீரியல் கண்ணாடிக் கம்பெனி வாங்கியது. அதே எச்சோடு மேலும் சில ஆண்டுகள் பாத்திரங்கள் வந்தன. முத்திரை அச்சுக்குத்தான் சாட்சி, ஆலைக்கு இல்லை.

இம்பீரியலும் மூடியபின், 1985-இல் சேகரிப்பாளர்கள் சங்கம் ஒன்று பணம் திரட்டி ஹைஸி அச்சுகளை மீட்டது. எனக்கு இதில் பெரிய மரியாதை. பழைய அச்சு என்பது இரும்பில் எழுதிய ஆவணம். அதை எடைக்குப் போடாமல் காப்பதற்கு ஆய்வு நிதியில் ஒரு பங்கை ஒதுக்குவது வீண்செலவே இல்லை.

அந்தச் சங்கத்தின் அருங்காட்சியகம் நியூவார்க்கிலேயே இருக்கிறது. வாசகி கிண்ணத்தை அங்கே எடுத்துப்போகலாம். எந்த வடிவம், எந்த நிறம் என்று பழைய விற்பனைப் பட்டியல்களோடு ஒப்பிட்டால், அது நியூவார்க்கில் பிறந்ததா பெல்லேரில் பிறந்ததா என்பதற்கு அங்கேதான் நல்ல துப்புக் கிடைக்கும்.