கலைத்துறையையும் அறிவியலையும் ஏன் பிரிக்கக் கூடாது: ஒரு மருந்தாளுநரின் அனுபவம்

ஜனவரி மாதத்தில் மெட்ரிக் எனப்படும் பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வெளிவந்ததும், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள எங்கள் தமிழ்க் குடும்பங்களில் வேறு பேச்சே இருக்காது. தைப்பூசக் காவடிக்காக விரதம் இருப்பவர்கள்கூட, கோயில் சமையற்கட்டில் காய் நறுக்கிக்கொண்டே, யார் வீட்டுப் பிள்ளைக்கு எந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது என்றுதான் விசாரிப்பார்கள். அண்மையில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு தாய் என்னைத் தனியே அழைத்து, "அக்கா, நீங்க மருந்துத் துறையில இருக்கிறவங்க, நீங்க சொன்னா என் மக கேட்பா. கணக்கு, சயின்ஸ் எல்லாத்துலயும் நல்ல மார்க். ஆனா வரலாறும் ஜூலு மொழியும்தான் படிப்பேன்னு ஒத்தைக் காலில நிக்கிறா. அதைப் படிச்சு என்ன சம்பாதிக்க முடியும்?" என்று கேட்டார்.

அந்தக் கவலை வீண் கவலை அன்று. 1860-ஆம் ஆண்டு முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். மருத்துவம், மருந்தியல், கணக்கியல் ஆகிய படிப்புகளைப் பற்றிக்கொண்டுதான் நம்மில் பலருடைய குடும்பங்கள் மேலேறி வந்தன. ஆனாலும், இருபது ஆண்டுகளுக்கு மேல் மருந்தாளுநராகவும், அதில் பெரும்பகுதி எச்.ஐ.வி. தடுப்பு மருந்து ஆய்வுகளிலும் பணியாற்றிய எனக்கு, கலைப் பாடங்கள் என்று நாம் ஒதுக்கிவைக்கும் மொழியும் வரலாறும் மானுடவியலும் பக்கத்தில் இல்லாதபோது அறிவியல் எங்கே இடறுகிறது என்பது நன்றாகவே தெரியும்.

ஆய்வு மருந்தகத்தில் என் வேலையின் பெரும்பகுதி எண்ணுவதுதான். பங்கேற்கும் பெண் மாதம் ஒருமுறை, முந்தைய வருகையின்போது கொடுத்த புட்டியுடன் வருவார். அதில் 30 மாத்திரைகள் இருந்திருக்கும். 28 நாள் கழித்து வந்தால் 2 மிஞ்ச வேண்டும். மிஞ்சியவற்றைத் தட்டில் கொட்டி, ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணி, படிவத்தில் எழுதிக் கையொப்பமிட்டு, உடன் பணிபுரிபவர் ஒருவர் மறுபடியும் எண்ணிச் சரிபார்த்த பிறகே அடுத்த புட்டியைக் கொடுப்போம். ஒரு பெண் ஆறு மாதமும் தவறாமல் சரியாக 2 மாத்திரைகளுடன் வந்தார். எவ்வளவு ஒழுங்கான பெண் என்று நான் மகிழ்ந்தேன். நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடும் என் தாயாரின் கணக்கு ஒரு மாதம்கூட அப்படி ஒத்துப்போனதில்லை என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

அந்தப் பெண்ணின் கணக்கு எதைக் காட்டியது என்பது, 'வாய்ஸ்' என்ற பெரிய எச்.ஐ.வி. தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2013-இல் வெளியானபோதுதான் எனக்குப் புரிந்தது. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, சிம்பாப்வே ஆகிய மூன்று நாடுகளில் 5,029 பெண்கள் பங்கேற்ற அந்த ஆய்வில், இரண்டு வகை மாத்திரைகளும், டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து கலந்து பெண்ணுறுப்பினுள் இடும் ஒரு கூழ்மருந்தும் நாள்தோறும் பயன்படுத்துவதற்காகக் கொடுக்கப்பட்டன. பெண்கள் தாங்களே சொன்னபடியும், திரும்பி வந்த மருந்தை எண்ணிப் பார்த்தபடியும், ஏறத்தாழ 90 விழுக்காடு மருந்து பயன்படுத்தப்பட்டிருந்தது. ஆனால், எடுத்து வைத்திருந்த இரத்த மாதிரிகளைச் சோதித்தபோது, ஏறக்குறைய 30 விழுக்காடு மாதிரிகளில்தான் மாத்திரை மருந்து தென்பட்டது. கூழ்மருந்து தென்பட்டதோ அதனினும் குறைவு. மூன்றில் எதுவும் தொற்றைக் குறைக்கவில்லை. இத்தனைக்கும், டர்பனிலும் உள்நாட்டுக் கிராமப் பகுதியான வுலிண்ட்லேலாவிலும் 889 பெண்களிடம் நடத்தப்பட்டு 2010-இல் முடிவு வெளியான இன்னோர் ஆய்வில், அதே டெனோஃபோவிர் கூழ்மருந்து தொற்றை 39 விழுக்காடு குறைத்திருந்தது. அங்கே அதை நாள்தோறும் பயன்படுத்தச் சொல்லவில்லை. உறவுக்கு முன்னும் பின்னும் பயன்படுத்தச் சொன்னார்கள். மருந்தின் வேதியியல் மாறவில்லை. பயன்படுத்தும் பெண்ணின் அன்றாட வாழ்க்கையில் அது நுழைந்த விதம்தான் மாறியிருந்தது.

ஏன் விழுங்கவில்லை என்பதை இரத்தப் பரிசோதனை சொல்லாது. அதைச் சொன்னவர்கள், ஜோகன்னஸ்பர்க்கில் அப்பெண்களுடன் அமர்ந்து நெடுநேரம் பேசிய சமூகவியல், மானுடவியல் ஆய்வாளர்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கொடுக்கப்படும் மருந்தும் இதுவும் ஒன்றே என்பதால், புட்டியை யாராவது பார்த்துவிட்டால் தனக்கு நோய் வந்துவிட்டது என்று ஊரெல்லாம் பேசுவார்களே என்ற அச்சம். துணைவர் சந்தேகப்படுவார் என்ற தயக்கம். உடம்பு நன்றாக இருக்கும்போது மாத்திரை எதற்கு என்ற இயல்பான கேள்வி. காத்திருக்கும் அறையில் காதோடு காதாகப் பரவும் வதந்திகள் என்று காரணங்கள் வெளிவந்தன. பின்னர் நடந்த நேர்காணல்களில், அவரவர் இரத்தத்தில் இருந்த மருந்தின் அளவை அவரவரிடமே காட்டிப் பேசியபோது, பெண்கள் இன்னும் மனம் திறந்து பேசினார்கள். இந்த உரையாடல்கள் ஆய்வு தொடங்குவதற்கு ஓராண்டு முன்பே நடந்து, மருந்தின் வடிவத்தையும் புட்டியின் தோற்றத்தையும் நாங்கள் கேட்கும் கேள்விகளையும் தீர்மானித்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆண்டுக்கு இருமுறை போடும் லெனகபவிர் ஊசி, தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அதைப் பெற்ற 2,134 இளம்பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வராமல் காத்தது என்ற செய்தி 2024-இல் வந்தபோது, ஒளித்து வைக்கப் புட்டி தேவையில்லாத மருந்து வந்துவிட்டதே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

நான் படித்த நான்காண்டு மருந்தியல் பட்டத்தில், மனிதர்கள் தம் நோயைப் பற்றி எப்படிப் பேசுவார்கள், எதைப் பேசாமல் விடுவார்கள் என்பதற்கு ஒரு பாடம்கூட இல்லை. அதே வளாகத்தில் வரலாறும் மொழிகளும் கற்பித்தார்கள். அந்த வகுப்புகள் நடந்த நேரத்தில் எங்களுக்குச் செய்முறை வகுப்பு. எங்கள் மாகாணத்தில் பெரும்பாலோர் பேசும் ஜூலு மொழியில் 'ஹ்லோனிபா' என்ற மரியாதை வழக்கம் உண்டு. மணமான பெண் மாமனாரின் பெயரை மட்டுமல்லாமல், அப்பெயரில் வரும் அசைகளைக் கொண்ட சொற்களையும் தவிர்த்து வேறு சொற்களால் பேசுவாள். இதை நான் வேலைக்கு வந்து பல ஆண்டுகள் கழித்து ஒரு செவிலியரிடம்தான் கற்றுக்கொண்டேன். கணவன் பெயரைக் கடைசிவரை வாயால் சொல்லாத பாட்டி இருந்த வீட்டில் வளர்ந்த எனக்கு, அது புரியாத செய்தியாக இருந்திருக்க வேண்டியதில்லை. நேருக்கு நேர் கேட்டால் நேர்ப்பதில் வரும் என்று எண்ணியே எங்கள் கேள்விப் படிவங்களை எழுதியிருந்தோம். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம் 2014 முதல், புதிதாகச் சேரும் இளநிலை மாணவர்களில் ஜூலு அறியாதவர்கள் அம்மொழியில் ஒரு பாடம் தேற வேண்டும் என்று விதித்தபோது நம்மவர் பலர் முணுமுணுத்தார்கள். நான் அதை மனமார வரவேற்றேன்.

வரலாறு மருந்துக்கடைக்கு எப்படி உதவும் என்று கேட்பவர்களுக்கு, இந்நாட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்வேன். போர்ட் எலிசபெத் நகரில் பணியாற்றிய ஜெஃப்ரி டீன் என்ற மருத்துவர், தூக்கத்துக்கும் மயக்கத்துக்கும் தரப்படும் பார்பிச்சுரேட் மருந்துகளால் டச்சுக் குடியேறிகளின் வழிவந்த ஆப்பிரிக்கானர்களில் சில குடும்பத்தினர் மட்டும் கைகால் செயலிழந்து இறப்பதையும், அக்குடும்பங்களில் பலருக்கு வெயில் பட்டால் கையில் கொப்புளம் எழுவதையும் கவனித்தார். அது போர்ஃபைரியா என்னும் பரம்பரை நோய். அவர் சோதனைக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. குடும்பம் குடும்பமாகச் சென்று உறவுமுறை விசாரித்து, திருச்சபைப் பதிவேடுகளைப் புரட்டி, தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிப் போனார். எல்லாக் கிளைகளும், கேப் பகுதியில் 1688-இல் மணம்புரிந்த ஒரு டச்சுத் தம்பதியரிடம் சென்று சேர்ந்தன. இக்குடும்பங்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பொதுவான ஒரே மரபணு மாற்றம் 1996-இல் கண்டறியப்பட்டு, ஏடுகள் முன்பே காட்டியிருந்ததை உறுதிப்படுத்தியது. போர்ஃபைரியா உள்ளவர் என்று தெரிந்தால், எந்த மருந்தைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று பட்டியலைப் பார்த்தே மருந்து கொடுக்கிறோம். அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் பதிவேட்டைப் படிக்கத் தெரிந்த ஒரு மருத்துவரின் உழைப்பு இருக்கிறது. நம் முன்னோர் வந்த கப்பல்களின் பட்டியல்களும், பெயர், தந்தை பெயர், வயது, ஊர், உடல் அடையாளம் என்று அத்தனையும் சொல்கின்றன. நம்மிடையே பரம்பரையாக வரும் நீரிழிவையும் இதய நோயையும் ஆராய்பவர்கள் அவற்றைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

எதிர்த்திசையிலும், அதாவது அறிவியலை ஒதுக்கினாலும், இழப்பு உண்டு. எச்.ஐ.வி.தான் எய்ட்ஸ் நோய்க்குக் காரணமா என்று இந்நாட்டின் ஆட்சித் தலைமையே ஐயம் எழுப்பிய காலம் ஒன்று இருந்தது. வெள்ளையர் ஆட்சியில் மருத்துவத்தின் பெயரால் கறுப்பின மக்கள் இழிவுபடுத்தப்பட்டது உண்மையான வரலாறு. ஆனால் அந்த வரலாற்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, நுண்ணுயிரியல் தரும் சான்றுகளைப் படிக்க மறுத்ததன் விளைவு கொடியதாக இருந்தது. 2000-இல் டர்பனில் உலக எய்ட்ஸ் மாநாடு கூடியபோது 5,000-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் கையொப்பமிட்டு, காரணம் எச்.ஐ.வி.தான் என்று அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது. 2000 முதல் 2005 வரை, சிகிச்சை தாமதமானதால் 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் பின்னர் மதிப்பிட்டார்கள். அந்த நிலையை மாற்றப் போராடிய 'ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெயின்' இயக்கத்தில் வழக்கறிஞர்கள், நோய் எதிர்ப்புச் செல்களின் அளவான சிடி4 எண்ணிக்கையைப் பற்றிக் கற்றார்கள். தன்னார்வலர்கள் வைரஸ் பெருகும் விதத்தை மக்கள் மொழியிலேயே தெருத்தெருவாக விளக்கினார்கள். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் காக்கும் நெவிரப்பின் மருந்தை அரசு மருத்துவமனைகளில் தர வேண்டும் என்று அரசியல் சட்ட நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்ததில், சட்ட வாதத்துக்கும் மருத்துவச் சான்றுக்கும் சம பங்கு உண்டு.

சாட்ஸ்வொர்த்துத் தாயிடம் இவ்வளவையும் சொல்ல நேரமில்லை. மகளிடம் மட்டும் தனியாகப் பேசினேன். வரலாறும் ஜூலுவும் படிக்கட்டும். ஆனால் கணக்கைக் கைவிடாமல், விருப்பப் பாடமாகப் புள்ளியியலில் ஒரு தாளாவது எடுக்கட்டும் என்றேன். மருந்தியல், மருத்துவம் போன்ற தொழிற்பட்டங்களில் பாடத்திட்டம் பெரும்பாலும் இறுகிக் கிடப்பதால், அவற்றில் சேரும் பிள்ளைகளுக்கு இந்த வசதி அவ்வளவாகக் கிடையாது. பொதுவான அறிவியல், சமூக அறிவியல் பட்டங்களில் வேறு புலத்துப் பாடங்களுக்கு ஓரளவு இடம் உண்டு. எந்தப் பாடங்கள், எந்தக் கால அட்டவணையில் என்று பதிவு முடிவதற்குள் அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட வேண்டும்.

தாய் மறுபடியும் சம்பளத்தைப் பற்றிக் கேட்டார். எங்கள் ஆய்வுக் குழுவில் நேர்காணல் செய்ய, ஜூலுவில் ஆழ்ந்து பேசவும் அதே கையோடு புள்ளிவிவர அட்டவணையைப் படிக்கவும் தெரிந்த ஒருவருக்காக இரண்டு முறை விளம்பரம் கொடுத்தும் அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது என்றேன். அவர் நறுக்கிய கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டுவிட்டு, அந்த வேலையின் பெயரை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார்.