ஃப்ரீசருக்குக் குளிர் தெரிவது எப்படி?

"உள்ளே வைத்ததெல்லாம் கல்லாக உறைந்துவிட்டது. ஆனாலும் கம்ப்ரசர் இரவு பகலாக ஓடுகிறது. ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நான் முதலில் சந்தேகப்படுவது உட்சுவரில் பொருத்தப்பட்டிருக்கும் மிளகளவு மணி ஒன்றை. அதுதான் வெப்ப உணரி.

கம்ப்ரசர் வாயுவை அழுத்துவதும், அது திரவமாகி மீண்டும் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுவதும் பள்ளியில் படித்தவைதாம். எப்போது ஓடுவது, எப்போது நிற்பது என்பதைக் கட்டுப்பாட்டுப் பலகை தீர்மானிக்கிறது. அதற்குக் குளிர் தெரியாது, மின்னழுத்தம்தான் தெரியும். குளிரை மின்தடையாகவும், அதன்வழி மின்னழுத்தமாகவும் மாற்றிச் சொல்வது இந்த மணிக்குள் இருக்கும் தெர்மிஸ்டர்.

செம்புக் கம்பி சூடானால் மின்தடை கூடும். அதிரும் அணுக்கள் எலெக்ட்ரான்களின் ஓட்டத்தைக் கலைக்கின்றன. தெர்மிஸ்டரில் நேர்மாறு. மாங்கனீசு, நிக்கல் போன்றவற்றின் ஆக்சைடுகளைக் கலந்து சுட்டெடுத்த பீங்கான் துண்டு அது. அதில் எலெக்ட்ரான்கள் சுதந்திரமாகத் திரிவதில்லை. ஒவ்வொன்றும் ஓர் அயனியோடு ஒட்டிக் கிடக்கிறது. பக்கத்து அயனிக்குத் தாவ ஒரு சிறு ஆற்றல் மேட்டைத் தாண்டியாக வேண்டும். அதற்கான உந்துதலைத் தருவது வெப்பம். குளிரக் குளிரத் தாவல்கள் அரிதாகின்றன, தடை எகிறுகிறது. 25 டிகிரி செல்சியஸில் 10 கிலோ ஓம் காட்டும் ஒரு வகை, 0 டிகிரியில் 30 கிலோ ஓமைத் தாண்டும்; மைனஸ் 18 டிகிரியில் 90 கிலோ ஓம் அளவுக்குப் போகும். அந்தக் குளிரில் ஒரு டிகிரி மாறினாலே தடை ஏறக்குறைய 6 சதவீதம் மாறுகிறது. விலை உயர்ந்த பிளாட்டினம் உணரியில் இந்த மாற்றம் சுமார் 0.4 சதவீதம்தான்!

சூடேற்றினால் தடை குறையும் இந்த விந்தையை 1833இல் வெள்ளி சல்ஃபைடில் கண்டவர் மைக்கேல் ஃபாரடே. அது பயன்படும் கருவியாக ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆனது. அடிப்படை ஆய்வுக்குப் பணம் கேட்டால் "உடனே என்ன பயன்?" என்று மறிப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

சரி, மணி ஏன் பழுதாகிறது? பெரும்பாலும் ஈரம். மேலுறையில் விரிசல் விழுந்து நீர் கசிந்தால், மின்சாரத்துக்குத் தாவத் தேவையில்லாத குறுக்குவழி கிடைத்துவிடுகிறது. தடை குறைகிறது, உள்ளே இன்னும் சூடு இருப்பதாகப் பலகை நம்புகிறது, கம்ப்ரசர் நிற்பதே இல்லை.

பலகையையே மாற்றச் சொன்னால் உடனே சம்மதித்துவிடாதீர்கள். முதலில் உணரியைச் சோதிப்போம். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, உணரியின் இணைப்பானைப் பலகையிலிருந்து கழற்றுங்கள். இல்லாவிட்டால் பலகையின் தடையும் கணக்கில் சேர்ந்துகொள்ளும். நொறுக்கிய பனிக்கட்டியில் சிறிது நீர் சேர்த்துக் கலக்குங்கள். இரண்டும் சேர்ந்திருக்கும்வரை அந்தக் கலவை 0 டிகிரியைவிட்டு அசையாது. மணியை அதில் மூழ்கவைத்து, ஐந்து நிமிடம் கழித்து அதன் தடையை மல்டிமீட்டரில் அளந்து, பழுதுபார்ப்புக் கையேட்டின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

எண் பொருந்தினாலும் உடனே மணியை வெளியே எடுக்க வேண்டாம். கழற்றி வைத்த நேரத்தில் ஈரம் உலர்ந்து, பழுதான உணரியும் நலமாகத் தோன்றக்கூடும். பனிக்கட்டி உருக உருகப் புதிதாகச் சேர்த்து, அரை மணி நேரம் விடுங்கள். விரிசல் இருந்தால் நீர் ஊடுருவி, எண் மெல்லச் சரியத் தொடங்கும். சரியவில்லையா? அடுத்துச் சோதிக்க வேண்டியது, கம்ப்ரசருக்கு மின்சாரம் விடும் ரிலேயின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்பதை.