காற்று இல்லையென்று வள்ளம் தள்ளாதீர்கள்

போன கிழமை மறுபடியும் ஒரு வள்ளம். முல்லைத்தீவு அலம்பில் பக்கத்துக் கரை, விடியப்புறம் ஐந்தரை மணி, இலை அசையவில்லை. அண்ணனும் தம்பியுமாகத் தள்ளி ஏறி எஞ்சினை இழுக்கும் நேரத்தில் மூன்று திரை அடுத்தடுத்து வந்து வள்ளத்தைக் குறுக்கே திருப்பிப் பிரட்டிவிட்டது. தம்பிக்குத் தோள்மூட்டு விலகிவிட்டது. வலை முழுதும் போய்விட்டது. ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன் என்னிடம் சொன்ன முதல் வசனம்: "காத்தே இல்லைத்தானே சேர், கடல் நல்லாத்தானே கிடந்தது."

கடற்றொழில் பரிசோதகராக வந்த நாளிலிருந்து இந்த வசனத்தை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்!

திரும்பவும் சொல்கிறேன். உங்கள் முகத்தில் படுகிற காற்றுக்கும் உங்கள் கரையில் அடிக்கிற திரைக்கும் சம்பந்தம் இருக்கவேண்டும் என்றில்லை. அந்தமான் பக்கம் ஒரு தாழமுக்கம் இரண்டு நாள் கடலை உழக்கினால், அங்கே கிளம்பிய அலை காற்றை அங்கேயே விட்டுவிட்டுத் தனியே வரும். அங்கிருந்து முல்லைத்தீவுக்கு ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர். திரைக்கும் திரைக்கும் 12 விநாடி இடைவெளி உள்ள அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு 34 கிலோமீற்றர் ஓடும். ஒன்றரை நாள் கழித்து இங்கே நிற்கும். அந்த நேரம் உங்கள் வாடி வாசலில் வெயில் எறிக்கும், வானத்தில் ஒரு முகிலும் இருக்காது.

என்னை உண்மையில் கோபப்படுத்துவது அடுத்த பேச்சு. "தாழமுக்கம் மியன்மார் பக்கம் போகுதாம், எங்களுக்கு ஒன்றுமில்லை" என்பார்கள். புயல் போகும் பாதை வேறு, அது கிளப்பிவிட்ட அலை போகும் பாதை வேறு. புயல் வடக்கே போய்க் கரையேறி அடங்கிய பிறகும், அது நேற்று அனுப்பிய அலை எங்களை நோக்கி வந்துகொண்டுதான் இருக்கும். சிறிய அலைகள் வழியில் அடங்கிவிடும். திரைக்கும் திரைக்கும் இடைவெளி கூடிய நீண்ட அலைகள் இலகுவில் களைப்பதில்லை. 1963இல் வால்டர் மங்க் என்ற கடல் விஞ்ஞானியும் கூட்டாளிகளும் அண்டார்ட்டிக்கா பக்கத்துப் புயல்களின் அலையைப் பசிபிக் முழுதும் பின்தொடர்ந்து, அலாஸ்கா வரை, 10,000 கிலோமீற்றருக்கும் மேல், அளந்து காட்டினார்கள். மியன்மார் பக்கம் எங்களுக்குத் தூரமா?

கேரளத்துக் கடற்றொழிலாளர் இப்படித் தென்சமுத்திரத்திலிருந்து சொல்லாமல் வரும் கடலைக் 'கள்ளக்கடல்' என்கிறார்கள். தெற்கிலிருந்து வருவதை எங்களுக்குத் தீவே பெருமளவு மறைத்துவிடுகிறது. வங்காள விரிகுடாவிலிருந்து வருவதை மறைக்க எதுவும் இல்லை.

இதைப் பார்த்துச் "சுனாமி" என்று கத்தவும் வேண்டாம். 2004ஐக் கண்ட சனம் பயப்படுவது எனக்கு விளங்குகிறது. ஆனால் சுனாமியில் ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே பல நிமிடங்கள் போகும். இது விநாடிக் கணக்கு.

சரி, என்ன செய்வது? எண்ணுங்கள். வள்ளம் தள்ள முன்னர் போனைப் பார்த்துக்கொண்டு, ஒரே இடத்தில் பதினொரு திரை உடைவதை எண்ணி, முதலாவதுக்கும் கடைசிக்கும் இடைப்பட்ட நேரத்தைப் பத்தால் பிரியுங்கள். ஐந்தாறு விநாடி வந்தால் அது இங்கத்தைக் காற்றின் அலை. பத்துக்கு மேல் போனால் எங்கோ தூரத்துப் புயல் அனுப்பியது. வெளியில் அது தாழ்வாகத்தான் கிடக்கும், கரையின் ஆழம் குறையக் குறைய எழும்பும். புயலிலிருந்து முதலில் வந்து சேர்வதும் இந்த நீண்ட அலைகள்தான். ஆகவே காலையில் சின்னதாகக் கண்டதை வைத்து மத்தியானத்தைக் கணிக்காதீர்கள்.

அப்புறம், அலை கூட்டமாக வரும். நாலைந்து பெரியது, பிறகு ஒரு அமைதி. அந்த அமைதியைப் பார்த்துத்தான் பெரும்பாலானோர் தள்ளுகிறார்கள், அந்தச் சகோதரர்களும் அப்படித்தான். குறைந்தது இருபது நிமிடம் கரையில் நின்று பாருங்கள். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம். முகத்துவாரத்தில் இன்னும் கவனம், உள்ளிருந்து பாயும் நீரோடு மோதினால் திரை செங்குத்தாக நிற்கும். உயிர்காப்பு அங்கியை வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் கட்டி வைப்பதற்கா தந்தது? போடுங்கள். திரும்பி வரும்போது திரையின் முதுகில் வாருங்கள், அதை முந்தி ஓடாதீர்கள், குறுக்கே மட்டும் திருப்பாதீர்கள்.

வள்ளச் சொந்தக்காரரான சம்மாட்டிமாரிடம் கையெடுத்துக் கேட்கிறேன். பத்து விநாடிக்கு மேல் வருகிற நாளில் பெடியளை அனுப்பாதீர்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவித்தலைக் கேளுங்கள், சந்தேகம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுங்கள், அல்லது என்னை எழுப்புங்கள். விடிய நாலு மணியென்றாலும் வந்து உங்களோடு நின்று எண்ணுகிறேன்.