சிஎம்எஸ் வாங்கும் முன், அதன் மொழி என்ன என்று கேளுங்கள்

இணையதளத்துக்கு சிஎம்எஸ் (பக்கங்களை எழுதி நிர்வகிக்கும் மென்பொருள்) தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் வசதிப் பட்டியலைத்தான் அலசுகிறார்கள். உள்ளே எந்த மொழியில் எழுத வேண்டியிருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. பின்னால் செலவை இழுத்துவிடுவது பெரும்பாலும் அதுதான்.

டைப்போ3 என்ற சிஎம்எஸ்ஸின் சொந்த மொழியான டைப்போஸ்கிரிப்டையே எடுத்துக்கொள்வோம். பெயருக்கு அது அமைப்புகளை எழுதிவைக்கும் மொழி. ஆனால் அதிலேயே நிபந்தனை போடலாம், தரவுத்தளத்திலிருந்து பதிவுகளை எடுத்துக் காட்டலாம். 'ராப்' (wrap) என்ற பண்பின் பெயரில் இரண்டு எழுத்து இடம் மாறி 'வார்ப்' (warp) ஆகிவிட்டது என்று வையுங்கள். பிழைச் செய்தி எதுவும் வராது. அந்த வரி வேலை செய்யாது, மெனுவைச் சுற்றி வர வேண்டிய எச்டிஎம்எல் டேக் வராது, பக்கம் கலைந்து நிற்கும். கேச்சை (சேமித்து வைத்த பழைய பக்கங்களை) அழித்து, சிஎஸ்எஸ்ஸை (பக்கத்தின் தோற்ற விதிகளை) தோண்டி, அரைநாள் இப்படி வீணாவதைப் பல அணிகளில் பார்த்திருக்கிறேன். பொது நிரல்மொழியான பிஎச்பியில் இல்லாத ஃபங்ஷனை அழைத்தால் கோப்பின் பெயரும் வரி எண்ணும் உடனே கைக்கு வந்துவிடும்.

அப்புறம், பழைய தளங்கள் பலவற்றில் இந்த டைப்போஸ்கிரிப்ட் வரிகள் கோப்பில் இல்லாமல் தரவுத்தளத்தில் இருக்கின்றன. கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் அவற்றைப் பார்ப்பதே இல்லை. சோதனைத் தளத்துக்கும் நேரடித் தளத்துக்கும் என்ன வித்தியாசம் என்று ஒப்பிடுவது பெரும்பாடு. தெரிந்தவர் வேலையை விட்டுப் போனால், தொடவே மற்றவர்கள் பயப்படுவார்கள். வேறு எங்கும் பயன்படாத மொழியைப் புதியவர் ஏன் ஆர்வமாகக் கற்க வேண்டும்?

விக்கிப்பீடியாவும் தனக்கென ஒரு மொழி என்ற இந்த வழியில் போய்த் திரும்பியதுதான். அடைப்புக்குறிகளுக்குள் நிபந்தனைகளை அடுக்கியே பெரிய பெரிய வார்ப்புருக்களை (பல பக்கங்களில் திரும்பப் பயன்படும் துண்டுகளை) எழுதினார்கள். மேற்கோள்கள் நிறைந்த பக்கங்கள் உருவாக நேரம் பிடித்தது. 2013-இல், ஏற்கெனவே வெளியே புழங்கிய லுவா மொழியைக் கொண்டுவந்தார்கள். சரியான முடிவு என்பேன்.

அதற்காக உள்ளடக்கப் பெட்டிக்குள்ளேயே பிஎச்பி எழுத விடுவதும் ஆபத்து. அந்த வசதி கிடைத்தவர் சர்வரில் எதையும் ஓட்டலாம். ட்ரூபல் என்ற இன்னொரு சிஎம்எஸ், தன் 8-ஆம் பதிப்பில் அதை மையத்திலிருந்தே நீக்கியது. பக்க வடிவத்துக்கு அது எடுத்துக்கொண்ட ட்விக் தனி மொழிதான். ஆனால் சிம்ஃபனி என்ற பிஎச்பி கட்டமைப்பு போன்ற இடங்களிலும் புழங்குவதால் ஆளும் கருவியும் கிடைக்கும்.

டைப்போஸ்கிரிப்ட் போன்ற மொழியில் ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருத்தி எழுத வேண்டாம். முதலில் வரிகளைக் கோப்புகளுக்கு மாற்றி கிட்டில் போடுங்கள். புதிய நிபந்தனை எதையும் அந்த மொழியில் சேர்க்காதீர்கள். அதை பிஎச்பியில் எழுதி, அந்த வரிகளிலிருந்து அழையுங்கள். பழையதை, கை வைக்க நேரும்போது ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம்.