இண்டி, சுயாதீனம், தன்வயம்

பட விழாச் செய்திகளைத் தமிழில் படிக்கிறவர்களுக்கு ஒரே வகைப் படத்துக்கு ஐந்தாறு பெயர்கள் பழக்கமாகியிருக்கும். இண்டி படம், சுயாதீன சினிமா, சுயேச்சைப் படம், மாற்று சினிமா, கலைப்படம். வீட்டுப் பேச்சில் இத்தனை வகை கிடையாது. 'அது அவார்டு படம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம்.

இவை ஒன்றுக்கு ஒன்று மாற்றாகப் போட்டுக்கொள்ளும் சொற்கள் அல்ல. கலைப்படம் என்பது படத்தின் தன்மையைச் சொல்கிறது. சிறு முதலீட்டுப் படம் என்பது செலவைச் சொல்கிறது. அவார்டு படம் என்பது படம் முடிந்த பிறகு அதற்குக் கிடைத்ததைச் சொல்கிறது. 'இண்டி' மட்டும்தான் படம் யார் கையில் இருக்கிறது என்று கேட்கிறது. அந்தக் கேள்வியைச் சரியாகத் தாங்கும் தமிழ்ச் சொல் எது என்று பார்க்கலாம்.

'இண்டி' என்பது இண்டிபெண்டென்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். அதன் லத்தீன் வேருக்குத் தொங்குதல் என்று பொருள். எதையும் பிடித்துத் தொங்காதது இண்டிபெண்டென்ட். 'எல்லாத்துக்கும் அவனையே பிடிச்சுத் தொங்காதே' என்று நாமும் சொல்கிறோம், ஆக உருவகம் நமக்குப் புதிதில்லை.

சினிமாவுக்குள் இந்தச் சொல் நுழைந்தது ஒரு சண்டையில். 1908-இல் அமெரிக்காவில் எடிசனின் கம்பெனியும் வேறு சில கம்பெனிகளும் தங்கள் காப்புரிமைகளை ஒன்றாகக் கட்டி ஒரு கூட்டமைப்பு வைத்தன. கேமராவானாலும் புரொஜெக்டரானாலும் அவர்களிடம் உரிமம் வாங்கித்தான் தொழில் நடத்த வேண்டும் என்ற நிலை. அதற்கு அடங்காதவர்களுக்கு இண்டிபெண்டென்ட் என்று பெயர் வந்தது. அவர்களில் ஒருவர் கார்ல் லெம்லி. 1909-இல் அவர் தொடங்கிய கம்பெனியின் பெயரிலேயே அந்தச் சொல் இருந்தது. 1912-இல் அவரும் வேறு சிலரும் சேர்ந்து உருவாக்கியதுதான் யுனிவர்சல். அடங்காதவர்களே பெரிய ஸ்டூடியோக்காரர்கள் ஆனார்கள். அதன் பிறகு அந்த ஸ்டூடியோக்களுக்கு வெளியே நின்றவர்களுக்குப் பெயர் கைமாறியது. யாருக்கு வெளியே நிற்கிறோம் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிற சொல் இது.

இந்தியாவில் 1970களிலும் 80களிலும் இந்தச் சொல் அவ்வளவாகப் புழங்கவில்லை. 'பாராலல் சினிமா' என்றார்கள், தமிழில் இணை சினிமா. அந்தப் படங்களில் பல அரசுப் பணத்தில் வந்தவை. 1960-இல் தொடங்கிய திரைப்பட நிதிக் கழகம் கடன் கொடுத்தது, 1975-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமும் வந்தது. மலையாள இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனின் முதல் படம் 'சுயம்வரம்' (1972) அப்படிக் கடன் வாங்கி எடுத்ததுதான். வணிகப் பிடியிலிருந்து விலகியிருந்தன, ஆனால் அரசை அண்டியிருந்தன. இரண்டுக்கும் வெளியே போய்ப் பார்த்தவர் இன்னொரு மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாம். ஒடேசா என்ற கூட்டமைப்பு வழியாக மக்களிடமே பணம் திரட்டி 'அம்ம அறியான்' (1986) எடுத்தார். தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த அதே ஜான்தான். 'இண்டி' என்ற சொல் இங்கே பரவுவதற்கு முன்பே அதன் பொருளை வாழ்ந்து காட்டிய படம் என்று 'அம்ம அறியா'னைத்தான் சொல்வேன்.

சரி, தமிழுக்கு வருவோம். தேர்தல் புண்ணியத்தால் 'சுயேச்சை' எல்லோருக்கும் தெரியும். சுய இச்சை, அதாவது தன் விருப்பம். கட்சி சாராத வேட்பாளருக்கு அது பொருத்தம். படத்துக்குச் சொன்னால், இயக்குநர் தன் இஷ்டத்துக்கு எடுத்தார் என்ற நிறம் ஏறிவிடுகிறது. 'தற்சார்பு' அழகான சொல், ஆனால் யாரிடமும் எதுவும் வாங்காமல் தன்னையே சார்ந்திருப்பது என்று பொருள் தரும். பத்து இடங்களில் நிதி கேட்டு, நண்பர் வீட்டில் எடிட் செய்து, ஊர்க்காரர்களை நடிக்க வைத்து எடுத்த படத்தைத் தற்சார்பு என்பது உண்மைக்குப் புறம்பு. இப்படிப்பட்ட படங்களைப் போல இத்தனை பேரைச் சார்ந்து நிற்பவை வேறு இல்லை.

'சுயாதீனம்' இவற்றைவிடக் கூர்மையானது. சுவ, அதீனம் என்ற இரு வடசொற்கள் சேர்ந்தது. அதீனம் என்றால் ஒருவர் பிடியில், உரிமையில் இருப்பது. சைவ மடங்களை ஆதீனம் என்கிறோமே, அதுவும் இந்தச் சொல்தான். இதற்கு எதிர்ச்சொல் பராதீனம், பிறர் பிடியில் இருப்பது. இதன் இன்னொரு வடிவமான 'சுவாதீனம்' பேச்சிலேயே இருக்கிறது: புத்தி சுவாதீனம் என்கிறோம், 'சுவாதீனமாக வீட்டுக்குள் வந்தார்' என்கிறோம். யாரையும் அண்டாமல் இருப்பது என்று இது சொல்லவில்லை. பிடி தன்னிடம் இருப்பது என்று சொல்கிறது. ஆங்கிலச் சொல்லைவிட நம் நிலைமைக்கு நெருக்கமான பொருள் இது.

இதே பொருளில் தமிழில் ஒரு சொல் பல நூற்றாண்டுகளாகக் காத்திருக்கிறது: தன்வயம். 'எண்குணத்தான்' என்ற குறளுக்கு உரை எழுதும் பரிமேலழகர், சைவ ஆகமங்கள் சொல்லும் எட்டுக் குணங்களில் முதலாவதாகத் 'தன்வயத்தன் ஆதல்' என்பதை வைக்கிறார். வயம் என்றால் வசம். படம் யார் வசம் இருக்கிறது? தன் வசம். 'தன்வயப் படம்' என்பதே என் பரிந்துரை. சுயாதீனம் என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும், அதில் பிழை இல்லை. தன்வயம் சொல்லும்போதே புரிகிறது, அவ்வளவுதான்.

இந்தப் பொருளை வைத்துக்கொண்டு பார்த்தால்தான் பட விழாக்களின் வேலை தெளிவாகும். தன்வயப் படமும் எங்காவது சாய்ந்துதான் நிற்க வேண்டும். விநியோகஸ்தர் மீது சாய்ந்தால் பாட்டு கேட்பார், முடிவை மாற்றச் சொல்வார். பட விழா பெரும்பாலும் படத்தின் வசத்தைக் கேட்பதில்லை. படத்தை அப்படியே எடுத்துப் பத்துப் பேர் முன்னால் வைக்கிறது.

'விழா' என்ற சொல்லுக்குள்ளேயே இது இருக்கிறது. நிலா நிலவு, கனா கனவு போல விழா, விழவு. இன்று விழா என்றால் மாலை, பொன்னாடை, வரவேற்புரை, நன்றியுரை என்று ஆகிவிட்டது. மணிமேகலையின் முதல் காதைக்குப் பெயர் விழாவறை காதை, விழாவை அறிவிக்கும் பகுதி. யானையின் பிடரியில் முரசை ஏற்றி இந்திர விழாவை அறிவிக்கிறார்கள். 28 நாள் விழா. அந்த அறிவிப்பில் ஓரிடம்: 'ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்.' வெவ்வேறு சமயக்காரர்கள் மேடை ஏறி வாதிடுங்கள் என்ற அழைப்பு. அறிவிப்பும் வாதமும் சேர்ந்ததுதான் நம் பழைய விழா. டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்குப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். படம் பார்க்கக் கூட்டம் வரிசையில் நிற்கும், அப்புறம் திறந்தவெளி விவாத மேடையில் இயக்குநரையே நேராகக் கேள்வி கேட்கும். பரிசளிப்பைவிட அந்த இடம்தான் எனக்கு விழாவாகப் படுகிறது.

இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா 1952 ஜனவரியில் பம்பாயில் தொடங்கி டெல்லி, கல்கத்தா, மெட்ராஸ் என்று சுற்றியது. இத்தாலிய நியோரியலிசப் படங்களை நம் இயக்குநர்கள் பலர் அங்கேதான் முதலில் பார்த்தார்கள். செட்டுக்கு வெளியே தெருவில், நட்சத்திரம் இல்லாமல் படம் எடுக்கலாம் என்பதை ஒரு விழா கண்ணில் காட்டிய தருணம் அது. மூன்று ஆண்டுகளில் 'பதேர் பாஞ்சாலி' வந்தது. சத்யஜித் ராய் கையில் காசு தீர்ந்தபோது மேற்கு வங்க அரசு கொடுத்த பணம் சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதப்பட்டது. 1956-இல் கான் விழா அதைச் சிறந்த மனித ஆவணம் என்று பாராட்டியது. அடுத்த ஆண்டு 'அபராஜிதோ' வெனிஸ் விழாவின் முதல் பரிசான தங்கச் சிங்கத்தை வாங்கியது.

இன்று விழாவின் வேலை படம் முடிவதற்கு வெகு முன்பே தொடங்குகிறது. கோவாவில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2007-இல் தொடங்கிய பிலிம் பஜாரில் திரைக்கதைப் பட்டறை உண்டு, கூட்டுத் தயாரிப்புக்கு ஆள் தேடும் சந்தை உண்டு, பாதி முடிந்த படத்தை அனுபவசாலிகளிடம் போட்டுக் காட்டிக் கருத்துக் கேட்கும் பகுதியும் உண்டு. 'தி லன்ச்பாக்ஸ்', கன்னடப் படம் 'தித்தி' ஆகியவை அந்த வழியாகப் போனவை. தித்தியில் நடித்தவர்கள் மண்டியா பக்கத்து கிராமத்து மனிதர்கள். 2015-இல் சுவிட்சர்லாந்தின் லொகார்னோ விழாவில் பரிசு வாங்கி, அடுத்த ஆண்டு கர்நாடகத் திரையரங்குகளுக்கும் வந்தது. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் விழா தன் நிறுவனர் ஹியூபர்ட் பால்ஸ் பெயரில் ஒரு நிதி வைத்திருக்கிறது. மராத்தியில் 'கோர்ட்', கோயம்புத்தூரில் எடுத்த தமிழ்ப் படம் 'நசீர்' இரண்டுக்கும் அந்த நிதி உதவியது. பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்' படத்துக்கும்தான். 2024-இல் அது கானில் இரண்டாவது பெரிய பரிசான கிராண்ட் பிரி வாங்கியது. கானின் முக்கியப் போட்டிப் பிரிவில் அதற்கு முன் இடம்பெற்ற இந்தியப் படம், 1994-இல் வந்த ஷாஜி என். கருணின் மலையாளப் படம் 'ஸ்வம்'. பெயரைக் கவனியுங்கள்: தன்னுடையது என்று பொருள், சுயாதீனத்தில் இருக்கும் அதே 'சுவ'.

விழாவும் யாரையோ சார்ந்துதான் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. தணிக்கைச் சான்றிதழ் இல்லாத படத்தை விழாவில் காட்ட மத்திய அரசின் விலக்கு வேண்டும். 2017-இல் 'எஸ் துர்கா' என்ற மலையாளப் படம் ரோட்டர்டாம் விழாவின் முதன்மைப் பரிசான டைகர் விருது வாங்கியிருந்தது. மத்திய அரசு கோவாவில் நடத்தும் சர்வதேசத் திரைப்பட விழாவில், இந்தியப் படங்களுக்கான இந்தியன் பனோரமா பிரிவுக்கு நடுவர் குழு அதைத் தேர்ந்தெடுத்தது. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் நீக்கியது, நடுவர் குழுத் தலைவர் பதவி விலகினார், கேரள உயர் நீதிமன்றம் திரையிடச் சொன்னது, அப்போதும் படம் காட்டப்படவில்லை. தன்வயப் படத்துக்குத் தன்வயமான விழாவும் வேண்டும்.

இன்னொரு கவலையும் உண்டு. விழாக்காரர்களுக்குப் பிடிக்கும் என்று வறுமையையும் நீண்ட மௌனத்தையும் அளந்து வைத்து எடுக்கும் படங்கள் வருகின்றன. அங்கே வசம் வேறொரு கைக்குப் போய்விட்டது. அதைத் தன்வயம் என்று எழுதக் கூடாது. மாறாக, நட்சத்திரத்தின் பணத்தில் வந்தாலும் கடைசி எடிட் இயக்குநர் கையில் இருந்தால் தாராளமாக எழுதலாம். இந்தச் சொல்லுக்குச் செலவுக் கணக்கு அளவுகோல் அல்ல.

கூடவே வரும் சில சொற்களையும் சொல்லிவிடுகிறேன். வேர்ல்ட் பிரீமியர் என்பதை உலக முதல் திரையிடல் என்று எழுதலாம். பெரிய விழாக்கள் பல, போட்டிக்கு எடுக்கும் படம் வேறெங்கும் காட்டப்படாததாக இருக்க வேண்டும் என்பதால் இந்தச் சொல்லில் 'முதல்' முக்கியம். பெஸ்டிவல் ரன் என்பதற்கு விழா ஓட்டம் என்று சிலர் எழுதுகிறார்கள். படம் ஓடுவது என்றால் நமக்குத் தியேட்டரில் ஓடுவது, அதனால் குழப்பம். விழா உலா என்று சொல்லலாம். ஊர் சுற்றிவிட்டுத் தேர் நிலைக்கு வரும் என்பது நாம் அறிந்த வழக்கு. வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021 பிப்ரவரியில் ரோட்டர்டாமில் டைகர் விருது வாங்கி, ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் போய், உலா முடித்து, 2023 அக்டோபரில் நேராக ஓடிடியில் வந்தது. அந்த வெயிலும் அந்த மண்ணும் மதுரைப் பக்கத்தவை, மதுரைத் தியேட்டரில் அதைப் பார்க்க வழியில்லாமல் போனது. அவருடைய அடுத்த படம் 'கொட்டுக்காளி' 2024 பிப்ரவரியில் பெர்லினில் முதல் திரையிடல் கண்டது. பாட்டு இல்லை, பின்னணி இசை இல்லை. ஆறே மாதத்தில், ஆகஸ்ட் 23 அன்று, தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் நிலைக்கு வந்தது.